மூன்றரை வயது மகன், டேப்லெட்டில் கெட்டி, மற்ற பிள்ளைகளோடு சேருவதில்லை. எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

சென்னிமலை மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு மூன்றரை வயது. வரும் ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும். அதற்குள் ஒரு குழப்பத்துக்கு விடை தெரிய வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரருக்குப் பெட்ஷீட் வியாபாரம். ஆர்டர், கணக்கு எல்லாம் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரில்தான். பில் போடுவது நான். தம்பி நடக்கப் பழகின நாளிலிருந்தே என் மடியில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்துப் பழகியவன். இரண்டு வயதில் அவனுக்கென்று ஒரு பழைய டேப்லெட் கொடுத்தோம். அது இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும், உண்மையைச் சொல்கிறேன். இப்போது ஏபிசி முழுக்கத் தெரியும், எண்கள் தெரியும், செவ்வாய்க்கு இரண்டு நிலா என்று சொல்கிறான். ஜிக்ஸா படத்தை அவன் சேர்க்கிற வேகத்துக்கு என்னால் சேர்க்க முடியாது.

ஆனால் பிள்ளைகள் கூட்டத்தில் விட்டால் வேறு ஆளாகிவிடுகிறான். சந்தில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். இவன் படிக்கட்டில் நிற்பான், இறங்க மாட்டான். பொங்கலுக்கு நாத்தனார் மகள் வந்தாள், ஐந்து வயது. இவன் காரை எடுத்துக்கொண்டாள். இவன் "குடு" என்று கேட்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. நேரே என்னிடம் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக் காரைக் காட்டினான். நான் வாங்கித் தர வேண்டுமாம். டேப்லெட்டை வாங்கிவிட்டால் மட்டும் வீடே அதிர்கிற மாதிரி கத்துவான்.

பேச்சு வருகிறது. "பசிக்குது", "தண்ணி வேணும்", "அப்பா எங்க போனாங்க" எல்லாம் சொல்வான். நடுநடுவே வீடியோவில் கேட்ட இங்கிலீஷும் வரும்.

இரண்டு பள்ளிகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பெரிய பள்ளி. எல்கேஜியிலேயே ஆளுக்கொரு டேப்லெட், வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர் லேப். இன்னொன்று பக்கத்தில் இருக்கும் சின்ன நர்சரி. வேப்பமரம், மணல் குழி, ஆபீஸ் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். வீட்டுக்காரர் பெரிய பள்ளி என்கிறார், "அவனுக்கு அதுதானே நல்லா வருது" என்று. அத்தையிடம் கேட்டால் "ஆம்பளப் பசங்க கொஞ்சம் லேட்டாத்தான் கலப்பாங்க, விடு" என்கிறார்.

அவன் இப்படி ஒதுங்குவது கம்ப்யூட்டராலா? எந்தப் பள்ளி சரி?

கோட்டூர்புரம் அப்பா:

பயப்படாதீர்கள் சகோதரி. நான் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறேன். என் மகள் மூன்று வயதிலிருந்தே லேப்டாப்பில் விளையாடியவள். இப்போது ஏழாம் வகுப்பு. தோழிகளுக்குக் குறைவே இல்லை, வீட்டு வாசலில் எப்போதும் நாலு சைக்கிள் நிற்கும்.

1999-ல் டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா என்பவர் ஒரு சுவரில் துளை போட்டு, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு எட்டுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொண்டார்கள். சின்ன வயதில் ஆர்வம் இருக்கும்போது தடுக்கக் கூடாது என்பது என் கருத்து. பெரிய பள்ளியிலேயே சேருங்கள். நாளைக்கு உலகம் முழுக்க அதுதான்.

பாலர் வகுப்பு டீச்சர், நாமக்கல்:

அம்மா, நான் எல்கேஜி, யுகேஜி எடுக்கிறவள். பல வருடமாக இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் பகல் பொழுது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே அந்த அப்பா சொன்ன டெல்லி விஷயத்திலிருந்தே தொடங்கலாம். அந்தச் சுவர் முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். ஒருவன் கம்ப்யூட்டரை இயக்க, பின்னால் நிற்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, பெரியவன் சின்னவனுக்குக் காட்ட, அப்படித்தான் கற்றார்கள். பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் வேறு. இடம் பிடிக்க, வழி விட, விட்டுக்கொடுக்கத் தெருவிலேயே பழகிவிட்டு வந்தவர்கள். மூன்றரை வயதுக் குழந்தை கையில் தனியாக ஒரு டேப்லெட்டைக் கொடுப்பதற்கு அதை ஆதாரமாகச் சொல்ல முடியாது.

நான் இரண்டு விதத்தையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். முதலில் எங்களுக்கு வந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர், டிவி மாதிரி பெரிய பெட்டி மானிட்டர். யுகேஜி பிள்ளைகளை மும்மூன்று பேராக உட்கார வைப்போம். படம் வரைகிற பெயின்ட் புரோகிராமைத் திறந்து கொடுத்தால் போதும். மௌஸ் ஒருத்தி கையில் இருக்கும். பக்கத்தில் இருப்பவள் "கூரைக்குச் சிவப்பு ஊத்துடீ" என்பாள். மூன்றாவது பையன் "எனக்கு எப்பத் தருவீங்க, எனக்கு எப்பத் தருவீங்க" என்று நச்சரிப்பான். கிள்ளு விழும், அழுகை வரும். நான் உடனே போக மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்வார்கள்: ஒரு படம் முடிந்தால் மௌஸ் அடுத்தவருக்கு. வகுப்பில் யாரிடமும் வாய் திறக்காத ஒரு பெண் குழந்தை இருந்தாள். மௌஸ் தன் கைக்கு வர வேண்டும் என்பதற்காகவே முதல் தடவையாக இன்னொரு பிள்ளையிடம் பேசினாள். "எனக்கு" என்ற ஒரு சொல்தான். எங்கள் ஆயாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

1980-களில் அமெரிக்காவில் மழலையர் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பிள்ளைகள் தனித்துப் போய்விடுவார்களோ என்று பயந்து ஆராய்ந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் பேச்சும் உதவியும் கூடுகிறது என்றுதான் அவர்களும் கண்டார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் குறைவு, பிள்ளைகள் அதிகம்.

அப்புறம் எங்கள் பள்ளிக்கும் டேப்லெட் வந்தது. ஆளுக்கு ஒன்று, காதில் ஹெட்போன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. பார்க்க வந்த பெற்றோர்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நாலு வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறையில் சத்தமே இல்லை என்றால், அந்த வயதில் நடக்க வேண்டிய ஒன்று அங்கே நடக்கவில்லை. முதல் வகையில், பக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் தாண்டாமல் இயந்திரத்தைத் தொட முடியாது. இரண்டாவதில் பக்கத்தில் பிள்ளை இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

நடக்க வேண்டியது என்று எதைச் சொல்கிறேன்? நாம் வளர்ந்த விதத்தை யோசித்துப் பாருங்கள். பெரிய பிள்ளைகள் விளையாடும்போது மூன்று வயசுக் குட்டி ஒன்று வந்து நிற்கும். விரட்டவும் மனம் வராது, ஆட்டத்தில் சேர்க்கவும் முடியாது. "சரி, இவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். பிடித்தாலும் அவுட் கிடையாது, தொட்டாலும் கணக்கில் இல்லை. ஆனால் அவன் கூடவே ஓடுவான். எப்போது ஓட வேண்டும், எப்போது ஒளிய வேண்டும், யார் முகம் கடுத்தால் விலக வேண்டும் என்று ஓடி ஓடியே கற்றுக்கொள்வான். அப்புறம் டூ விடுவது, பழம் விடுவது. காலையில் கட்டை விரலைக் காட்டி டூ விட்டவள் சாப்பாட்டு நேரத்தில் புளியங்காயோடு வந்து பழம் விடுவாள். கோபம் வந்தாலும் உறவு திரும்ப வரும் என்பதை ஒரு குழந்தை வேறு எங்கே கற்றுக்கொள்ளும்? டேப்லெட் டூ விடாது. காத்திருக்கச் சொல்லாது. அதன் முகத்தைப் பார்த்து எதையும் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. தப்பாக அமுக்கினாலும் ஜிங்கென்று ஒரு சத்தம் கொடுத்து மறுபடியும் முயலச் சொல்லும். அதனாலேயே பிள்ளைகளுக்கு அது சுகமாக இருக்கிறது.

கொரோனா முடிந்து 2022 பிப்ரவரியில் மழலையர் வகுப்புகளைத் திறந்தபோது வந்த பிள்ளைகளை நான் மறக்க மாட்டேன். ஆங்கில ரைம்ஸ், நிறங்கள், மிருகங்களின் பெயர், எல்லாம் வாய் நிறைய வைத்திருந்தார்கள். ஆனால் பந்தை உருட்டிவிட்டால் திருப்பி உருட்ட வேண்டும் என்று சிலருக்குத் தெரியவில்லை. எடுத்து வைத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பிள்ளை விழுந்து அழுதால் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பாட்டிலை எடுப்பார்கள். படப் புத்தகத்தில் யானையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தவனும் உண்டு. திரையை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் வேறு பிள்ளைகளின் முகத்தையே பார்க்காமல் வீட்டில் அடைந்து கிடந்த குழந்தைகள் அவர்கள். பெரும்பாலானவர்கள் அடுத்த சில மாதங்களில் நன்றாகத் தேறிவிட்டார்கள். மணல், தண்ணீர், சொப்பு சாமான், பக்கத்தில் ஒரு பெரியவர், இவ்வளவுதான் எங்கள் மருந்து.

ஆன்லைன் வகுப்பு நடந்த அந்த நாளிலேயே, 2020 ஜூலையில், மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் மழலையர் வகுப்புக்கு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றுதான் இருந்தது. அந்த 30 நிமிடமும் பெற்றோரோடு பேசி அவர்களுக்கு வழி சொல்வதற்கு.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றரை வயதில் எல்லாப் பிள்ளைகளும் கட்டிப் புரண்டு விளையாடுவதில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகள் விளையாடுவதை உட்கார்ந்து கவனித்து, 1932-ல் அதைப் படிப்படியாக எழுதினார். தனியாக விளையாடுவது, நின்று வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டில் விளையாடுவது, கலந்து விளையாடுவது, கடைசியில் கூடி ஒரு நோக்கத்தோடு விளையாடுவது. வேடிக்கை பார்ப்பதும் ஒரு படிதான். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: படிக்கட்டில் நிற்கும்போது அவன் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறானா, அவர்கள் சிரித்தால் இவன் முகமும் மாறுகிறதா? அல்லது முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருக்கிறானா? இரண்டும் ஒன்றல்ல. முதலில் அதைச் சொல்லுங்கள்.

பள்ளி என்று கேட்டால் என் மனசு வேப்பமரத்துப் பக்கம்தான். டேப்லெட் அவனுக்கு ஏற்கெனவே வரும். வராததைத்தான் பள்ளியில் தேட வேண்டும். ஆனால் மரமும் மணலும் இருந்தால் மட்டும் போதாது. அங்கே ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டீர்களா?

சென்னிமலை மருமகள்:

டீச்சர், ரொம்ப நன்றிங்க. நீங்கள் கேட்ட பிறகு நேற்றும் இன்றும் கவனித்தேன். பார்க்கிறான். நன்றாகவே பார்க்கிறான். பிள்ளைகள் கத்தினால் இவனும் குதிக்கிறான், படியிலேயே. ராத்திரி படுக்கப் போகும் முன்னால் தன் கார்களை வரிசையாக வைத்து, ஒன்றை இன்னொன்றால் தொட்டு "அவுட்டு" என்றான். சந்தில் அவர்கள் சொல்வதுதான் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நர்சரியில் எல்கேஜிக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா. பிள்ளைகள் முப்பதுக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது. பெரிய பள்ளியில் இருபது பேருக்கு ஒரு டீச்சர் என்றார்கள். இதில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. யூடியூபில் ஒருவர் இதெல்லாம் "விர்ச்சுவல் ஆட்டிசம்", திரையால் வருவது, திரையை நிறுத்தினால் போய்விடும் என்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை:

அம்மா, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பெயரில் மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய் எதுவும் இல்லை. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலிருந்தே உள்ள ஒரு வேறுபாடு. டேப்லெட் கொடுத்ததால் அது வந்துவிட்டது என்று எந்த அம்மாவையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. "திரையை நிறுத்துங்கள், சரியாகிவிடும்" என்று நம்பிக் காத்திருந்து, உண்மையிலேயே உதவி தேவைப்பட்ட பிள்ளைகளை நாலரை, ஐந்து வயதில் என்னிடம் கொண்டுவந்தவர்களைப் பார்க்கிறேன். அந்த இழந்த மாதங்கள் எனக்கு ஆறாத வருத்தம்.

உங்கள் மகன் கார்களை வைத்து "அவுட்டு" என்று பாவனை விளையாட்டு விளையாடியது நல்ல அறிகுறி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, தனக்குப் பிடித்த ஒன்றை உங்களுக்கு விரல் நீட்டிக் காட்டி, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, நீங்கள் அழுவது போல நடித்தால் பக்கத்தில் வருகிறானா என்று கவனியுங்கள். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது முறையாகாது. ஒரு முறை காட்டிவிடுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, டிஇஐசி என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழி சொல்வார்கள். காசு கிடையாது. காது கேட்கும் திறனையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

திரைக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பு பற்றி: 2003-ல் பேட்ரீஷியா குல் என்பவர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். ஒரு குழுவுக்கு ஆள் நேரில் உட்கார்ந்து பொம்மையும் புத்தகமும் காட்டிப் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தார்கள். வீடியோவில் கேட்டவர்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை. காதில் விழுந்தது ஒன்றுதான், எதிரே மனிதர் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம். ஜப்பானில் 7,097 தாய்-சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்து 2023-ல் வந்த ஆய்வில், ஒரு வயதில் திரை நேரம் கூடக் கூட, இரண்டு வயதிலும் நாலு வயதிலும் பேச்சுத் தொடர்பில் பின்தங்கும் வாய்ப்பு கூடியது. திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

கடைசியாக, பெற்றோர் கையில் இருக்கும் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் செய்த ஒரு சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். சில நிமிடம்தான். போனைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று யாராவது படம் பிடித்துக் காட்டினால் தெரியும்.

கும்பகோணம் பாட்டி:

எனக்கு எழுபது வயது. டைப் அடித்துக் கொடுப்பது பக்கத்து வீட்டுப் பெண். என் பேத்தி கனடாவில் இருக்கிறாள், மூன்று வயது. நான் நேரில் பார்த்தது பிறந்தபோது மட்டும். ஆனால் தினம் ராத்திரி அவளுக்கு விடிகிற நேரத்தில் வீடியோவில் பேசுகிறோம். நான் ஒரு டம்ளரை முந்தானையில் ஒளித்து "எங்கே?" என்பேன், அவள் அங்கிருந்து "உள்ள!" என்பாள். அவள் ஒன்று ஒளிப்பாள், நான் தெரியாத மாதிரி தேடுவேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி இந்தப் பெட்டி வழியாகப் போனது. இதையும் கெடுதல் என்று சொல்வீர்களா டாக்டர் அம்மா?

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை:

பாட்டி, நான் டாக்டர் இல்லை, ஆனால் மனசாரச் சொல்கிறேன், தொடர்ந்து பேசுங்கள். ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் 2016-ல் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். 2014-ல் வந்த ஒரு ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் எதிரே ஒருவர் பதிலுக்குப் பதில் பேசினால் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். அதே ஆளின் பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. உங்கள் டம்ளர் விளையாட்டில் பேத்தி "உள்ள" என்று சொன்ன பிறகுதான் நீங்கள் எடுக்கிறீர்கள். அவளுக்காகக் காத்திருக்கிறீர்கள். அந்தக் காத்திருப்புதான் வேலை செய்கிறது.

கோட்டூர்புரம் அப்பா:

டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு மனைவியிடம் கேட்டேன். எங்கள் மகள் லேப்டாப்பில் விளையாடிய காலத்தில் தினமும் மாலை நேரத்தில் மாடியில் என் அண்ணன் பிள்ளைகளோடுதான் இருந்தாளாம். கூட்டுக் குடும்பம் எங்களுடையது. அதையும் சேர்த்துத்தான் என் கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் சகோதரி.

பாலர் வகுப்பு டீச்சர், நாமக்கல்:

சென்னிமலை அம்மா, "அவுட்டு" என்று அவன் சொன்னதைப் படித்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவனுக்கு ஆசை இருக்கிறது. இறங்குகிற வழிதான் தெரியவில்லை. மதுரைக்காரர் சொன்னபடி ஒருமுறை காட்டிவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடுகிற கூட்டத்தில் அவனைத் தள்ளிவிடாதீர்கள். அந்தச் சந்திலேயே கொஞ்சம் பெரிய, பொறுமையான பிள்ளை ஒன்று இருக்கும். பெரும்பாலும் எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை. அவளை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முறுக்கோ கடலை மிட்டாயோ கொடுத்து, இருவர் நடுவில் ஒரு தட்டு மண்ணையும் சொப்பையும் வையுங்கள். அவள் பழகிவிட்டால் அவளே அவனைக் கையைப் பிடித்து ஆட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவாள். நாத்தனார் மகள் அடுத்த முறை வந்து காரை எடுத்தால், அவன் உங்கள் கையை இழுக்கும்போது நீங்கள் போய் வாங்கித் தராமல், அவனோடு கூடவே போய்க் குனிந்து உட்கார்ந்து, "'அக்கா, எனக்குக் குடுங்க'ன்னு கேளு கண்ணு" என்று சொல்லுங்கள். அவன் சொல்லாவிட்டால் நீங்கள் அவனுக்காகச் சொல்லுங்கள், அவன் கேட்கட்டும். அடுத்த தடவை பாதியாவது வரும்.

டேப்லெட்டை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முதலில் எடுங்கள். இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிட மாட்டான், தாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிற வசதியை அணைத்துவிடுங்கள், முடிவு என்று ஒன்று இருந்தால் பிள்ளைகள் கீழே வைப்பது கொஞ்சம் சுலபம். பில் போடுகிற நேரத்துக்கு அவனுக்கு வேறு வேலை கொடுங்கள். உங்கள் வீட்டில் வெட்டின பெட்ஷீட் துண்டுகள் கிடக்குமே, நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கச் சொல்லலாம். அடுக்கி முடித்ததும் நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். டேப்லெட்டில் பெயின்ட் மாதிரி ஏதாவது இருந்தால் அவனும் அந்தச் சந்து அக்காவும் சேர்ந்து ஒன்றில் போடட்டும். அது எனக்குச் சம்மதமே.

பள்ளிக்கு வருவோம். ஒரே டீச்சருக்கு முப்பதுக்கு மேல் என்பது அதிகம்தான், அதை நான் மழுப்ப மாட்டேன். இரண்டு பள்ளிக்கும் பதினொரு மணி இன்டர்வெல் நேரத்தில் போய் ஓரமாக நில்லுங்கள். ஆபீஸில் உட்கார வைத்துப் படம் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் டீச்சர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அதட்டிப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைக்கிறாரா, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு பேரையும் பேச வைக்கிறாரா? பெரிய பள்ளியில் கேளுங்கள்: டேப்லெட் ஒரு நாளில் எவ்வளவு நேரம், ஹெட்போன் உண்டா, இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுப்பீர்களா? இருபது பேர் வகுப்பில் டேப்லெட் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான், மீதி நேரம் பிள்ளைகள் கூடி விளையாடுகிறார்கள் என்றால் நான் என் வேப்பமரத்தை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்காரர் பக்கம் வந்துவிடுவேன். தினமும் என்றால், நர்சரியில் சேர்த்துவிட்டு இன்னொரு ஆயா போடச் சொல்லிப் பெற்றோர்கள் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு நர்சரியில் அப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.